எவ்வுள் என்ற வினாவும் பிறப்பை ஆராயும் நோக்கும்

ஒரு வினாவையே தன் பெயராகக் கொண்ட திவ்யதேசம் திருவெவ்வுள். சாலிஹோத்ர மஹர்ஷி ஓராண்டுக் காலம் உபவாஸமிருந்து, சிந்திக் கிடந்த நெல்மணிகளைப் பொறுக்கி மாவாக்கித் தளிகை செய்து, அதிதியை எதிர்பார்த்து நின்றார் என்பது ஸ்தலபுராணம். கிழ அந்தணர் ஒருவர் வந்தார்; தமக்கு அளித்த பங்கை உண்டார்; பசி ஆறவில்லை என்று மஹர்ஷிக்கென வைத்திருந்ததையும் உண்டார். மஹர்ஷி மீண்டும் ஓராண்டு உபவாஸம் மேற்கொண்டார். அதன் முடிவில் அதே கிழவர் மீண்டும் வந்து உண்டு, இளைப்பாறப் படுக்குமிடம் எவ்வுள் என்று வினவினார். மஹர்ஷி தாம் வாழ்ந்த பர்ணசாலையையே காட்டிக் கொடுத்தார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வீரராகவப் பெருமாள் இன்றளவும் அங்கே சயனத் திருக்கோலத்தில், வலத் திருக்கையை மஹர்ஷியின் திருமுடிமேல் வைத்தபடி ஸேவை ஸாதிக்கிறார். தை அமாவாசையன்று திருவள்ளூரில் திரளும் அடியார்கள் அனைவரும் அறிந்த வரலாறு இது.

இவ்வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத ஓர் அம்சம் உண்டு. வினா முழுவதும் வந்தவர் பக்கமே இருக்கிறது. இருந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஊர், என்ன கோத்ரம், யாருடைய பிள்ளை என்பன போன்ற ஒரு விசாரணையும் ஸ்தலபுராணத்தில் இல்லை. வந்தவர் அந்தண வடிவில் வந்தமையால் ஐயத்துக்கு இடமில்லாது போயிற்று என்று ஒருவர் சொல்லக்கூடும். அது முழுவதும் தள்ளத்தக்க வாதமன்று. ஆயினும் ஐயுறுவதற்கு வேறொரு காரணம் மஹர்ஷியின் கண்முன்பே இருந்தது. வந்தவர் இருமுறையும் வீட்டுக்காரருடைய சோற்றை உண்டுவிட்டார். புதிதாக வந்தவர்மேல் எக்காலத்திலும் எவ்வூரிலும் முதலில் சுமத்தப்படும் குற்றம் இதுவே. அக்குற்றம் மெய்யாகவே நிகழ்ந்த பின்னும் மஹர்ஷி உறையுளைக் காட்டினார்.

திருவள்ளூர் மாவட்டம் என்று இன்று வழங்கும் நிலப்பரப்பில், எவ்வுளைத் தவிர, ஸம்ப்ரதாயத்துக்கு மிக வேண்டிய இரண்டு திருவவதார ஸ்தலங்களும் அமைந்திருக்கின்றன. ஒன்று திருமழிசை, மற்றொன்று பூவிருந்தவல்லி. முன்னது திருமழிசையாழ்வாருக்கும் பின்னது திருக்கச்சி நம்பிகளுக்கும் உரியது. இவ்விருவருடைய சரித்திரங்களிலும் பிறப்பு பற்றிய கேள்வி முள்ளாகத் தைத்து நிற்கிறது. அதே மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை பரந்து கிடக்கிறது. பழைய முள் அங்கே புதுப் பெயர்களோடு தைக்கிறது. பூர்வாசார்யர்கள் இம்முள்ளை எங்ஙனம் இனங்கண்டார்கள், எதனால் களைய முயன்றார்கள் என்பது இங்கே ஆராயப்படுகிறது.

பார்கவ மஹர்ஷிக்கும் கனகாங்கிக்கும் பிண்டமாகப் பிறந்து, மூங்கிற் புதரின் நிழலில் விடப்பட்ட குழந்தை திருமழிசைப்பிரான். பிரம்பறுக்க வந்த திருவாளன் என்பார் அக்குழந்தையைக் கண்டெடுத்துத் தம் மனைவி பங்கயச்செல்வியிடம் கொடுத்தார். பெற்றவர் ரிஷி, வளர்த்தவர் பிரம்பறுப்பவர் என்ற இந்த அமைப்பே பிறப்பைக் கொண்டு ஆழ்வாரை அளக்க முடியாதபடி செய்துவிடுகிறது. எந்தப் பக்கத்தைப் பற்றிக்கொண்டு அளப்பது? ஆழ்வார் தாமும் திருச்சந்தவிருத்தத்தில், நால்வகைக் குலங்களில் ஒன்றிலும் தாம் பிறக்கவில்லை என்று விண்ணப்பம் செய்கிறார். குழந்தை யாருடைய பாலையும் உண்ணாதிருந்தபோது நாலாம் வர்ணத்து முதியவர் ஒருவர் அன்போடு கொணர்ந்த பாலை அமுது செய்தது. எஞ்சியதை உண்ட அவரும் அவர் தேவியும் இளமை பெற்றுக் கணிகண்ணனைப் பெற்றார்கள் என்று குருபரம்பரை கூறும். யார் கையால் எது உண்ணப்படுகிறது என்ற கேள்வி தொட்டிற் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது.

பெரும்புலியூர் வரலாறு இக்கேள்வியை ஊர்நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறது. திருக்குடந்தைக்கு எழுந்தருளும் வழியில் ஆழ்வார் அவ்வூரில் ஒரு திண்ணையில் இளைப்பாற அமர்ந்தார். உள்ளே வேதம் ஓதிக்கொண்டிருந்தவர்கள், கேட்கத் தகாதவர் வந்தார் என்று கருதி ஓதுவதை நிறுத்தினார்கள். குறிப்பறிந்த ஆழ்வார் எழுந்து அகன்றார். மீண்டும் தொடங்க முற்பட்டபோது விட்ட இடம் அவர்களுக்கு நினைவுக்கு வரவில்லை. ஆழ்வார் ஒரு கருநெல்லை எடுத்து நகத்தால் பிளந்து காட்டினார். அவர்கள் விட்ட வேதவாக்யம் அச்செயலையே சொல்வதாகையால் உடனே நினைவு வந்து, வருந்தி, அவர் திருவடிகளில் விழுந்தார்கள்.

இவ்வரலாற்றை ஆழ்வாரின் ஸர்வஜ்ஞத்வத்தைக் காட்டும் அற்புதமாகச் சொல்லிக் கடந்துபோவது வழக்கம். நின்று பார்க்க வேண்டியவை வேறு சில உள்ளன. ஓதியவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்களிடம் த்வேஷம் இருந்ததாகக் குருபரம்பரை சொல்லவில்லை. தாம் கற்ற விதியை அவர்கள் பின்பற்றினார்கள். ஒருவரைக் கண்ட கணத்தில், அவர் வாய் திறவாமுன்பே, அவர் இன்னார் என்று முடிவு செய்தார்கள். பிழை அந்த விரைவில் இருக்கிறது. அதன் விளைவாக இழப்பு யாருக்கு நேர்ந்தது என்பதும் நோக்கத்தக்கது. வெளியே அமர்ந்தவர் ஒன்றையும் இழக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் தங்கள் வேதத்தையே இழந்து தவித்தார்கள். ஆழ்வாரோ அறிந்தும் உச்சரிக்கவில்லை. அவர்கள் போற்றிய வரம்பை மீறிக்காட்டி அவர்களை வெல்லாமல், வரம்புக்குள் நின்றே தம் கையிலிருந்த ஒரு நெல்லால் உதவினார். அவமதிக்கப்பட்டவர் அவமதித்தவர்க்குக் கொடுத்த மரியாதை அது.

வரலாறு இங்கே முடிந்திருந்தால் இனிய கதையாக நின்றிருக்கும். முடியவில்லை. அவ்வூரில் யாகம் செய்துகொண்டிருந்த பெரும்புலியூர் அடிகள் ஆழ்வாரை யாகசாலைக்கு எழுந்தருளப் பண்ணி அக்ரபூஜை ஸமர்ப்பித்தார். அங்கிருந்த வைதிகர் சிலர், ராஜஸூயத்தில் சிசுபாலன் செய்தாற்போல, அதை இகழ்ந்தார்கள். தம் உள்ளத்தே உறைபவனை ஆழ்வார் வேண்ட, எம்பெருமான் அவர் திருமார்பிலேயே தோன்றினான். இகழ்ந்தவர்கள் வெட்கி வணங்கினார்கள். திண்ணையில் ஒருமுறை தெளிந்த ஊர், யாகசாலையில் மறுமுறை மயங்கியது. திண்ணையில் உதவி பெறுவது வேறு, சபையில் முதல் தாம்பூலம் கொடுப்பது வேறு என்பதை அறிந்தே குருபரம்பரை இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. ஒருவரால் உதவி பெற்றுக்கொண்டே அவரைத் தாழ்ந்தவராக வைத்திருப்பது மனிதர்க்கு மிக எளிது.

திருமழிசையிலிருந்து சில கல் தொலைவிலுள்ள பூவிருந்தவல்லியில் அவதரித்தவர் திருக்கச்சி நம்பிகள். வைச்ய குலத்தவர். பேரருளாளனுக்குத் திருவாலவட்டக் கைங்கர்யம் செய்து, அவனோடு வார்த்தையாடும் பேறு பெற்றவர், தேவராஜாஷ்டகம் அருளியவர். 1017-ல் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இளையாழ்வார் காஞ்சியில் வாழ்ந்த காலத்தில் நம்பிகளையே ஆசார்யராகப் பெற விரும்பினார். நம்பிகள் வர்ண தர்மத்தைக் காட்டி இசையவில்லை. அவர் உண்ட சேஷத்தையேனும் ஸ்வீகரிப்போம் என்று இளையாழ்வார் தம் திருமாளிகைக்கு அவரை அமுது செய்ய அழைத்தார். அழைத்து வர இவர் ஒரு தெரு வழியே சென்றபோது நம்பிகள் மற்றொரு தெரு வழியே வந்து, கைங்கர்யத்துக்கு நேரமாயிற்று என்று விரைவில் அமுது செய்துவிட்டு எழுந்தருளினார். தஞ்சமாம்பாள் இலையை எடுத்தெறிந்து, அவ்விடத்தைச் சுத்தி செய்து, எஞ்சிய தளிகையைப் பிறர்க்குக் கொடுத்துவிட்டு, நீராடி மீண்டும் தளிகை செய்யத் தொடங்கியிருந்தாள். திரும்பி வந்த இளையாழ்வார் கண்டது அதுதான்.

உபந்யாஸங்களில் தஞ்சமாம்பாளைப் பழிப்பது வாடிக்கையாகிவிட்டது. அப்பழிப்பு சற்றே எளிதாகக் கிடைக்கிறது. அவள் செய்தது அன்றைய ஆசாரமுள்ள எந்த க்ருஹிணியும் செய்திருக்கக்கூடியதே. அவள் வீட்டில் அவளுக்கு அதுவே கற்பிக்கப்பட்டிருந்தது. நம்பிகளை அவள் வாயிலில் நிறுத்தவில்லை, வைது அனுப்பவில்லை, அன்னமிட்டாள். அவர் சென்ற பின் அவர் இருந்த சுவடே தெரியாதபடி துடைத்தாள். வேற்றுமை பாராட்டும் நோக்கு பெரும்பாலும் இவ்வாறே வாழ்கிறது. எதிரில் பேசும் வார்த்தையில் அதைக் காண முடியாது. எதிரில் இருந்தவர் போன பின் கழுவப்படும் இடத்தில் அது இருக்கிறது. இளையாழ்வார் இழந்தது ஒருவேளைச் சோறன்று. தாம் உயிராக மதித்த ஒரு ஸம்பந்தம். அவர் நம்பிகளிடம் கொண்ட பக்தி வீட்டின் சமையற்கட்டுவரை சென்று சேரவில்லை. கணவர் சபையில் ஏற்ற கொள்கையை அவர் வீடு அறியாதிருந்ததில் அவருக்கும் பங்கு உண்டென்று சொன்னால் அது அபசாரமாகாது என்றே தோன்றுகிறது. பின்னாளில் நீராடி எழுந்து பிள்ளை உறங்காவில்லி தாஸருடைய கையைப் பற்றிக்கொண்டு திருவரங்க வீதியில் அவர் நடந்ததைக் காஞ்சியில் பெற்ற அந்த வடுவோடு சேர்த்து எண்ண வேண்டும்.

இவ்வரலாறுகளின் ஸாரத்தைத் தத்துவ நிலையில் வடித்துக் கொடுத்தவர் பிள்ளைலோகாசார்யர். ஸ்ரீவசநபூஷணத்தில் பாகவத அபசாரம் பலவகைப்பட்டது என்று அருளிச்செய்து, அவற்றுள் ஒன்றாக ஜன்ம நிரூபணத்தை, அதாவது பாகவதர்களின் பிறப்பை ஆராய்வதை, எடுத்துக் காட்டுகிறார். அர்ச்சாவதாரத்தில் உபாதானத்தை நினைப்பதைக் காட்டிலும் இது கொடியது என்றும் அறுதியிடுகிறார். அந்த உபாதான நினைவைத்தான் பெற்ற தாயின் கற்பை ஆராய்வதற்கு ஒப்பிடுகிறது சாஸ்த்ரம். இதைச் செய்தவன் திரிசங்குவைப்போலக் கர்மத்தாலே சண்டாளனாகிறான். பிறப்பால் அப்பெயர் பெற்றவனுக்குக் காலாந்தரத்தில் பாகவதனாகும் வாய்ப்பு உண்டு, இவனுக்கு அதுவும் இல்லை என்பது தொடர்ந்து வரும் கருத்து. மணவாள மாமுனிகள் தம் வியாக்கியானத்தில் இவ்விடங்களை ஒன்றும் தளர்த்தாமல் விவரித்தருளுகிறார்.

உபாதானம் என்ற உவமையை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். திருமேனி பஞ்சலோஹத்தால் ஆனது, சிலையால் ஆனது, சுதையால் ஆனது என்பது பொய்யன்று. ஸ்தபதிக்கும் அர்ச்சகர்க்கும் அது தெரிந்தே இருக்க வேண்டும். அப்படியிருக்க அதை நினைப்பது ஏன் அபசாரம்? எதிரே நின்று அருள்பவனை விட்டு, அவன் எதனால் ஆனான் என்பதில் கண் செல்வதால். பிறப்பைப் பற்றிய செய்தியும் அத்தகையது. அது மெய்யாகவே இருக்கலாம். மெய்யான செய்தியைக் கொண்டும் ஒருவரைக் காணாதிருக்க முடியும். பிறரைப் பற்றிய முன்முடிவுகள் யாவும் பொய்ச் செய்தியால் விளைவன, மெய்ச் செய்தி கிடைத்தால் தாமே அகலும் என்று இன்று பலர் நம்புகிறார்கள். பிள்ளைலோகாசார்யர் நோயை இன்னும் ஆழத்தில் காண்கிறார். அவர் கருத்தில் பிழை செய்தியில் தொடங்கவில்லை, நோக்கில் தொடங்குகிறது.

நிரூபணம் என்ற சொல்லும் தற்செயலாக இட்டதன்று. ஒரு பொருளை இன்னதென்று வரையறுத்துக் காட்டும் தர்மம் அதற்கு நிரூபகம். ஆத்மாவுக்கு அந்தரங்க நிரூபகம் எம்பெருமானுக்குச் சேஷமாயிருத்தலே என்பது ரஹஸ்ய க்ரந்தங்களின் நிலைநாட்டல். திருமந்த்ரத்தின் ப்ரணவம் அதையே முதலில் சொல்கிறது. அவ்விடத்தில் பிறப்பையோ, ஊரையோ, தொழிலையோ, பேசும் பாஷையையோ நிரூபகமாக வைப்பவன் ஸ்வரூபத்தையே மாற்றி எழுதுகிறான். க்ராம குலாதிகளால் வரும் பெயர்களைத் தள்ளி அடியார் என்ற பெயரையே நிலைநிறுத்தும் ஆசார்ய ஹ்ருதயப் பகுதிக்கும் இதுவே அடிப்படை.

இங்கே தேசிகன் திருவுள்ளத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ரஹஸ்யத்ரயஸாரத்தின் ப்ரபாவவ்யவஸ்தாதிகாரத்தில் அவர், பாகவதனுக்கு வரும் ஏற்றம் சரீரத்தோடு ஒட்டிய ஜாதியை மாற்றிவிடாது என்றும், ஸுரபி பூஜிக்கத்தக்கதாயினும் பசுவாகவே இருக்கிறாற்போல என்றும் காட்டியருளுகிறார். இரு கலையாருக்கும் இடையே இதைப் பற்றி நிகழ்ந்த வாதம் நெடியது. அதை இங்கே தீர்க்க வேண்டுவதில்லை. ஜாதி நிற்கிறது என்றவரும், ஜாதியைக் கொண்டு ஒரு பாகவதனை அவமதிக்கலாம் என்று எங்கும் சொல்லவில்லை. அவமதிப்பு அபசாரமே என்பதில் இரு பக்கமும் ஒன்றுபட்டு நிற்கிறது. இந்தப் பொது நிலத்தை மறந்து வேறுபாட்டை மட்டும் நூற்றாண்டுக் கணக்கில் வளர்த்தது ஸம்ப்ரதாயத்துக்கு நேர்ந்த துர்ப்பாக்யங்களில் ஒன்று.

எனினும் ஒரு வலிய ஆக்ஷேபம் எஞ்சுகிறது. மேற்சொன்ன ப்ரமாணங்கள் யாவும் பாகவதர்களைப் பற்றியவை. ஆழ்வார் எம்பெருமானைத் தம் மார்பிலே காட்டினார். நம்பிகள் அருளாளனோடு பேசினார். அத்தகையோரைப் பிறப்பால் அளக்கக்கூடாது என்றால், அற்புதம் ஒன்றும் செய்யாத ஸாமான்யர் கதி என்ன? விதிவிலக்கான ஒருவரை உயர்த்தி வணங்கிவிட்டு, அவரைச் சேர்ந்த மற்றவர்களை இருந்தபடியே வைத்திருக்க இவ்வரலாறுகள் இடந்தரவில்லையா? இடந்தந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. திருமழிசைப்பிரான் ஸந்நிதியில் தைமகத்தன்று தொழுதவர்களே திருவாளனுடைய தொழில் செய்தவர்களைத் தெருவில் விலக்கி நடந்த காலம் உண்டு.

கும்மிடிப்பூண்டிப் பகுதி இந்த ஆக்ஷேபத்தை இன்றைய உருவில் காட்டுகிறது. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் ஒருங்கே செல்லும் இடம் அது. சிப்காட் வளாகத்தின் இரும்பு உருக்காலைகளிலும், உருட்டாலைகளிலும், இரசாயனத் தொழிற்சாலைகளிலும் பீஹார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், உத்தரப்பிரதேசம், அஸ்ஸாம் எனப் பல தேசத்தார் வேலை செய்கிறார்கள். உலையின் வெக்கையில் நிற்க உள்ளூரார் தயங்கும் வேலைகள் பலவற்றை அவர்களே ஏற்றிருக்கிறார்கள். ஆனால் தெருவில் அவர்களுக்கு ஒரே பெயர்தான்: வடக்கத்தியான். ஒடிய மொழி பேசுபவரும் மைதிலி பேசுபவரும் அப்பெயருக்குள் ஒருவரே. பூரீ ஜகந்நாதன் ஸந்நிதி இருக்கும் தேசத்திலிருந்து வந்தவர், திருமழிசையில் ஜகந்நாதப் பெருமாள் ஸந்நிதியைக் கண்டு கைகூப்பி நின்றாலும் அப்பெயர் மாறாது. திருமழிசையிலும் சிட்கோ தொழிற்பேட்டை இருப்பதால் இது வெறும் கற்பனையன்று.

மொழி வேறாதலால் வந்த விலகல் இது என்று சமாதானம் சொல்ல முடியாது. அதே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான முகாம் பல்லாண்டுகளாக இருக்கிறது. தமிழே பேசும் அவர்களையும் 1991-க்குப் பின் நெடுங்காலம் ஐயத்தோடு பார்த்தவர்கள் இருந்தார்கள். மொழியும் ஊரும் ஒன்றாயிருந்தாலும் பிளவு நிற்பதுண்டு. 2020 ஆகஸ்ட் 15 அன்று, கும்மிடிப்பூண்டி ஒன்றியம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவரான பட்டியல் வகுப்புப் பெண்மணி, பள்ளியில் தேசியக்கொடி ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளிவந்தபின், ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவரே கொடியேற்றினார். தோக்கமூரில் பட்டியல் வகுப்பினர் வழியை மறித்து நின்ற சுவர் 2022 அக்டோபரில் அதிகாரிகளால் அகற்றப்பட்டது. பெரும்புலியூர் யாகசாலையில் எழுந்த குரலுக்கும் கொடிக்கம்பத்தருகே எழுந்த குரலுக்கும் வேற்றுமை அதிகமில்லை. இரண்டிலும் கேள்வி, முதல் மரியாதை யாருக்கு என்பதே.

2023 மார்ச் தொடக்கத்தில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. தமிழகத்தில் பீஹார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று காட்டும் காணொளிகள் பரவின. அவை அச்செய்திக்குத் தொடர்பற்றவை, பொய்யாக ஒட்டப்பட்டவை என்று தமிழகக் காவல்துறை விளக்கியது. பீஹார் அரசும் குழு ஒன்றை அனுப்பி விசாரித்தது. பொய் சில நாட்களில் வெளுத்தது. ஆனால் வேறெங்கோ நடந்த சண்டையைக் கண்டு, இது தமிழர் செயலே என்று பீஹாரில் பலர் எளிதில் நம்பினார்கள். இங்கே ஒரு திருட்டு நடந்தால் வடக்கத்தியான் செயலே என்று சொல்பவர்கள் எத்தனை எளிதில் நம்புகிறார்களோ அத்தனை எளிதில் நம்பினார்கள். நிரூபகமாக வைக்கத் தகாததை நிரூபகமாக வைத்தமையில் இரு தேசத்தாரும் ஸமமே. உபாதான உவமை உணர்த்தியது இதையே: காணொளியைத் திருத்திவிடலாம், கண்ணைத் திருத்துவது வேறு காரியம்.

பாகவதர் அல்லாதாரை என் செய்வது என்ற ஆக்ஷேபத்துக்கு ஸம்ப்ரதாயத்துக்குள்ளேயே விடை உண்டு. சேஷத்வம் பாகவதர்களுக்கு மட்டும் உரிய தர்மமன்று. ஆத்மாக்கள் யாவருக்கும் பொது. பாகவதன் அதை அறிந்தவன், மற்றவன் அறியாதவன். வேறுபாடு அறிவில் மட்டுமே. ஆகவே பிறப்பால் நிரூபிப்பது யார்பக்கல் நிகழ்ந்தாலும் ஸ்வரூபத்துக்கு விரோதமே. பாகவதர்பக்கல் நிகழ்ந்தால் அது கொடிய அபசாரமாகிறது. கொடுமையின் அளவு வேறுபடலாம். அதைக் கொண்டு மற்ற இடங்களில் அது பிழையன்று என்றாகிவிடாது.

ஐயுற்றவரை எப்படித் திருத்துவது என்பதற்கு வேறோரிடம் போக வேண்டும். அந்த இடம் யுத்தகாண்டத்து விபீஷண சரணாகதி. தேசிகன் அபயப்ரதானஸாரத்திலும், பெரியவாச்சான் பிள்ளை தனிச்லோக வியாக்கியானத்திலும் இப்பகுதியில் திளைத்தருளினார்கள். வந்தவன் தன்னை மறைக்கவில்லை. தீய ஒழுக்கமுடைய ராவணனுக்குத் தான் தம்பி என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டான். ஸுக்ரீவன் பதறினான்: ராக்ஷஸ ஜாதி, பகைவனுக்கு உடன்பிறந்தவன், ஒற்றனாகவே இருப்பான், கொல்லத்தக்கவன். அங்கதன் ஆராய வேண்டும் என்றான். சரபன் ஒற்றரை அனுப்பச் சொன்னான். ஜாம்பவான் வந்த இடமும் காலமும் ஐயத்துக்குரியன என்றான். மைந்தன் மெல்ல வினவிப் பார்க்கலாம் என்றான். ஒரு புதியவன் ஊருக்குள் வரும்போது எழும் அத்தனை குரல்களும் அந்தக் கடற்கரையில் எழுந்துவிட்டன.

திருவடி மறுத்துச் சொன்னவற்றுள் ஒன்று தனியே நினைக்கத்தக்கது. அறிவுள்ள ஒருவனைத் திடீரென்று விசாரிக்கத் தொடங்கினால் அவன் நம்மை ஐயுறுவான்; எளிதில் வந்த நட்பு அந்த விசாரணையாலேயே கெடும் என்றான். மைந்தன் தீங்கற்றதாக எண்ணிய வினாவே காயம் செய்யும் என்பது அவன் கண்ட உண்மை. வாடகைக்கு வீடு தேடி வருபவரிடம் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்பவர் அதைத் தீங்காக நினைத்துக் கேட்பதில்லை. கேட்கப்பட்டவர் அதை மறப்பதில்லை.

ஸுக்ரீவனைப் பற்றி ஆசார்யர்கள் கொண்ட கருத்து இன்னும் சிறப்புடையது. அவர்கள் அவனைக் குறை கூறவில்லை. பெருமாளுக்கு என்ன தீங்கு வருமோ என்ற பரிவே அவனை அங்ஙனம் பேச வைத்தது என்று கொண்டாடுகிறார்கள். அஸ்தானத்திலே அஞ்சும் ப்ரேமம் அது. ஐயத்தின் வேர் சில இடங்களில் வெறுப்பன்று, தன்னைச் சேர்ந்தவரைக் காக்க வேண்டும் என்ற பரிவே என்பதை இத்தனை தெளிவாகக் கண்டவர்கள் அரியர். இதே ஸுக்ரீவன்தான் ருச்யமூகத்தில் பெருமாளையே கண்டு நடுங்கி, வேடமிட்ட திருவடியை உளவறிய அனுப்பினவன். அவனும் தமையனோடு பகைத்தவனே. அவன் சொன்ன குற்றங்கள் எல்லாம் அவனையும் சுட்டின. பெருமாள் அதைக் குத்திக் காட்டவில்லை. உடன்பிறந்தார் எல்லாரும் பரதனைப் போல ஆவதில்லை, நண்பர் எல்லாரும் உன்னைப் போல ஆவதில்லை என்று மட்டும் சொல்லி, தன் பேடையைப் பிடித்த வேடனுக்குத் தன் மாம்ஸத்தையே கொடுத்த புறாவின் கதையை நினைவூட்டினார்.

அதன்பின், தம் திருவுள்ளம் முன்பே துணிந்திருந்தும், பெருமாள் தாமே எழுந்து சென்று விபீஷணனை அழைத்துக்கொள்ளவில்லை. இளைய பெருமாளையோ திருவடியையோ அனுப்பவுமில்லை. அவனை அழைத்து வா என்று ஸுக்ரீவனிடமே சொன்னார். ஐயுற்றவன் மனம் தெளிந்து தானே சென்று கைப்பிடித்து அழைத்து வந்தாலொழிய, வந்தவன் அந்தப் பாசறையில் உறங்க முடியாது. ஸுக்ரீவனும் அரைமனத்தோடு இசையவில்லை. விபீஷணன் எங்களோடு ஸமனாக இருக்கட்டும் என்றே தன் வாயால் சொன்னான். கூட்டத்தில் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று அவன் சொல்லியிருந்தால் அது கருணையாக மட்டும் நின்றிருக்கும். தன்னைப் போலவே ஆகட்டும் என்றமையால் ஐயம் வேரோடு அற்றது. தகுதியை மெய்ப்பிக்கும் சுமையை வந்தவன்மேல் வைக்காமல், வழிவிடும் சுமையை இருப்பவன்மேல் வைத்தது இந்தச் சரணாகதி.

கும்மிடிப்பூண்டிக்கு வரும் தொழிலாளி சரணாகதனல்லன், கூலிக்கு வேலை செய்ய வந்தவன் என்று வேறுபடுத்தலாம். அவனுக்குரிய இடத்தை ஸ்ரீவிஷ்ணு புராணம் வேறொரு பெயரில் வைத்திருக்கிறது. க்ருஹஸ்த தர்மத்தைச் சொல்லும் மூன்றாம் அம்சத்தில், வந்த அதிதியின் கல்வி, சாகை, கோத்ரம், குலம் இவற்றை விசாரியாமல் ஹிரண்யகர்ப்பனாகவே பாவித்துப் பூஜிக்க வேண்டும் என்று பராசரர் விதிக்கிறார். பாகவதன் என்ற நிபந்தனை அங்கே இல்லை. விசாரியாமை அந்த விதியின் ஓர் அங்கமாகவே இருக்கிறது. எம்பெருமானார் தம் ஸித்தாந்தத்துக்கு முதன்மையான ஆதாரங்களுள் ஒன்றாகக் கொண்ட புராணம் அது.

அதிதி என்பவன் ஒருநாள் இருந்து போகிறவன். பத்தாண்டு உலைக்களத்தில் உழைத்து, இங்கேயே பிள்ளை பெற்று, பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தவனை அதிதி என்பது எப்படி என்ற கேள்வி எழாமல் இராது. அக்கேள்விக்கு ஸ்ரீவிஷ்ணு புராணத்தில் விதியைத் தேட வேண்டியதில்லை. திருமழிசைப்பிரான் நான்முகன் திருவந்தாதியில் திருவெவ்வுளைப் பாடியிருக்கிறார். பிரம்பறுப்பவர் வீட்டில் வளர்ந்து, பெரும்புலியூர்த் திண்ணையிலிருந்து எழுந்து போக நேர்ந்தவர் பாடிய எவ்வுள் அது. அங்கே படுக்க இடம் கேட்டு வந்தவர் மறுநாள் காலையில் புறப்பட்டுப் போகவில்லை. மஹர்ஷியும், எத்தனை நாள் இருப்பீர் என்று கேட்டதாக ஸ்தலபுராணத்தில் இல்லை.